ட்ரைசூட்டுக்கு உள்ளே என்ன போடுவது?

கேட்டவர் பாண்டிச்சேரியில் டைவிங் கற்றவர். வேலைக்காக இப்போது இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்திருக்கிறார். செகண்ட் ஹாண்டில் ஒரு ட்ரைலாமினேட் ட்ரைசூட் (உடம்பு நனையாமல் காக்கும் டைவிங் அங்கி) வாங்கி, அதற்கான பயிற்சியையும் முடித்துவிட்டார். நவம்பரில் லெஸ்டருக்குப் பக்கத்தில் நீர் நிறைந்த கல்குவாரியான ஸ்டோனி கோவ், ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்காபா ஃப்ளோ என்று திட்டம். அவருடைய கேள்விகள் நான்கு: 400 கிராம் தின்சுலேட் அண்டர்சூட் (ட்ரைசூட்டுக்கு உள்ளே போடும் பஞ்சு அங்கி) வாங்கிவிடலாமா? ஊரிலிருந்து கொண்டுவந்த தெர்மலை அடியில் போட்டுக்கொள்ளலாமா? சூட்டுக்குள் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினால் உண்மையிலேயே குளிராதா? அம்மா பின்னிக் கொடுத்த கம்பளி சாக்ஸை உள்ளே போடலாமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். 400 கிராம் இப்போது வேண்டாம். 200 கிராம் அண்டர்சூட் ஒன்று, அடியில் உடம்போடு ஒட்டி நிற்கும் நல்ல பேஸ் லேயர் ஒன்று, தேவைப்படும் நாளில் மேலே போட கையில்லாத வெஸ்ட் ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் நீங்கள் சொன்ன இரண்டு இடங்களிலும் சமாளிக்கலாம். ஏன் என்பதுதான் நீளமான கதை.

நீங்கள் வாங்கியிருக்கும் ட்ரைலாமினேட் சூட்டை ஒரு நல்ல மழைக்கோட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நைலான் துணிகளுக்கு நடுவே ஒரு பியூட்டைல் ரப்பர் படலம், அவ்வளவுதான். தண்ணீரை வெளியே நிறுத்தும், குளிரை நிறுத்தாது. நியோப்ரீன் ட்ரைசூட் என்றால் துணிக்குள்ளேயே குமிழிகள் இருப்பதால் அதற்கென்று கொஞ்சம் சூடு உண்டு. உங்களுடையதில் அது கிடையாது. உங்களைக் காப்பது உள்ளே ஆடாமல் அசையாமல் நிற்கும் காற்று மட்டும்தான். கம்பளியோ ஃப்ளீஸோ தின்சுலேட்டோ, எல்லாம் செய்வது ஒரே வேலை: அந்தக் காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே அண்டர்சூட்டுக்கு எதிரிகள் இரண்டே பேர். ஒன்று, காற்றைப் பிதுக்கி வெளியேற்றும் அழுத்தம். இன்னொன்று, காற்று இருந்த இடத்தில் வந்து உட்காரும் ஈரம். கடைக்காரர் சொல்லும் கிராம் கணக்கில் இந்த இரண்டுமே இருக்காது.

அழுத்தத்தை முதலில் பார்ப்போம். ஆழத்துக்குப் போகப்போக இன்ஃப்ளேட்டர் பொத்தானை அழுத்திச் சூட்டுக்குள் காற்று சேர்க்கிறோமே, அப்புறம் என்ன அழுத்தம் என்று தோன்றும். சேர்க்கும் காற்று உடம்பில் எது உயரத்தில் இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். நீருக்குள் நிமிர்ந்து நின்றால் தோளில் குமிழி, காலில் பிழிவு. தோளுக்கும் பாதத்துக்கும் 1.4 மீட்டர் உயர வித்தியாசம் என்றால், பாதத்தின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 140 கிராம் கூடுதல் அழுத்தம். கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு சின்னக் கைப்பேசியை நிறுத்தி வைத்த மாதிரி. கால் முழுக்க அப்படியென்றால் உள்ளே இருக்கும் பஞ்சு என்ன ஆகும்? ஆடுதசையில் சூட்டின் மடிப்புகள் கயிறு கட்டியதுபோல் பதிவதை நீங்களே பயிற்சியில் உணர்ந்திருப்பீர்கள். அந்த மடிப்பு பதிந்த இடத்தில் உங்கள் அண்டர்சூட் காகிதக் கனத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கிடைமட்டமாகப் படுத்த நிலையில் இருந்தால் முதுகுக்கும் வயிற்றுக்கும் வித்தியாசம் 30 சென்டிமீட்டர்தான். பிழிவு நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ட்ரிம், அதாவது நீரில் படுத்த நிலை, சரியாக இருப்பவருக்குக் குளிரும் குறைவு என்பது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. ஆனால் அப்போதும் அடிப்பக்கம் இருக்கும் நெஞ்சும் வயிறும் முழங்காலும்தான் முதலில் சில்லிடும். வெஸ்ட் ஒன்று வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நன்றாக அழுத்துங்கள். மலைப் பயணத்துக்கான புசுபுசு ஜாக்கெட் என்றால் இரண்டு விரலும் ஒட்டிக்கொள்ளும்; நடுவே ஒன்றுமே இருக்காது. நல்ல டைவிங் அண்டர்சூட்டில் விரல்களுக்கு நடுவே ஏதோ எதிர்த்து நிற்பது தெரியும். விட்டதும் எவ்வளவு சீக்கிரம் எழுந்து வருகிறது என்றும் பாருங்கள். அழுத்திய பள்ளம் அப்படியே நின்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். இறகு அடைத்த ஜாக்கெட்டை உள்ளே போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். இறகு நனைந்தால் களி. அழுத்தினால் தட்டை. இரண்டு எதிரிக்கும் ஒரே நேரத்தில் சரணடையும் பொருள் அது ஒன்றுதான்.

இனி ஈரம். என் முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி மாதம், ஒரு பழைய கல்குவாரி, தண்ணீர் 5 டிகிரி. உள்ளே ஒரு பருத்தி டி-ஷர்ட், அதன்மேல் தடித்த ஃப்ளீஸ். அவசரத்தில் கையை மாட்டியபோது ஃப்ளீஸின் இடது கைமுனை, தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் மணிக்கட்டு சீலுக்கு அடியில் ஒரு விரல் அகலம் மாட்டிக்கொண்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல் அந்த ஒரு விரல் துணி தண்ணீரை உள்ளே இழுத்தது. பத்தாவது நிமிடத்தில் முழங்கை சில்லிட்டது. இருபதாவது நிமிடத்தில் ஈரம் டி-ஷர்ட்டைத் தொட்டது. பருத்தி அதை வாங்கி நெஞ்சு, முதுகு என்று வஞ்சனை இல்லாமல் எல்லா இடத்துக்கும் பகிர்ந்து கொடுத்தது. மேலே வந்தபோது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை. ஃபின்னைக் கழற்றி விட்டவர் என்னோடு ஜோடியாக டைவ் செய்தவர். சூட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சேர்ந்திருந்த தண்ணீர் ஒரு டம்ளர்கூட இருக்காது. அந்த ஒரு டம்ளருக்குத்தான் அவ்வளவு பாடு.

சூட் ஓட்டை ஆகாவிட்டாலும் ஈரம் உண்டு. நவம்பர் காலையில் கார் நிறுத்துமிடத்தில் முழு அண்டர்சூட்டும் போட்டுக்கொண்டு சிலிண்டர் தூக்கினால் பத்தே நிமிடத்தில் வியர்த்துவிடும். அந்த வியர்வைதான் அடியில் போனபிறகு முதுகில் குளிரும். அதனால் கியரை எல்லாம் பூட்டி, சோதித்து, கடைசியாக ட்ரைசூட்டுக்குள் நுழையுங்கள்; ஜிப்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் போன பிறகு மூடினால் போதும். உங்கள் பேஸ் லேயர் எது என்பதும் இங்கேதான் முக்கியம். அதன் வேலை சூடாக வைப்பதைவிடத் தோலிலிருந்து ஈரத்தை எடுத்து வெளிப்பக்கம் தள்ளுவது. பாலியெஸ்டர் இதை நன்றாகச் செய்யும், சீக்கிரம் காயும், நாலு டைவில் நாறும். மெரினோ கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தோலுக்குச் சில்லென்று தெரியாது, நாற்றமும் வராது. ஆனால் காய நேரம் ஆகும், விலையும் கூட. ஸ்காபாவில் ஒரு வாரம் படகில் இருக்கப்போகிறவருக்கு என் ஓட்டு மெரினோவுக்கு. கூட இருப்பவர்களும் மனிதர்கள்தானே.

ஊரிலிருந்து கொண்டுவந்த தெர்மல்? உள்ளே இருக்கும் லேபிளைப் படியுங்கள். குலு மணாலி போகிறவர்களுக்காக நம் ஊர்க் கடைகளில் விற்பதில் பெரும்பாலும் பருத்தி கலந்திருக்கும். பருத்தி என்ற வார்த்தை ஒரு ஓரத்தில் இருந்தாலும் அதை வீட்டில் படுக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். லெஸ்டர் வீடுகளுக்கு அதுவும் தேவைப்படும். முழுக்க பாலியெஸ்டர் என்றால் தாராளமாகப் போடலாம். டைவிங் என்று அச்சடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கீ போகிறவர்களுக்கான கடையில் பாதி விலைக்கு அதே சரக்கு கிடைக்கும். மிச்சம் பிடிக்கும் பணத்தை அண்டர்சூட்டில் போடுங்கள்.

மேலே போடும் அண்டர்சூட்டில் மூன்று வகை பார்ப்பீர்கள். பழைய ஆட்கள் ‘உல்லி பேர்’ என்று சொல்லும் புசுபுசு நைலான் அங்கி: மலிவு, உழைக்கும், ஆனால் பருமன் அதிகம். அடுத்தது உள்ளே மயிர்த்துணியும் வெளியே வழவழப்பான துணியும் சேர்ந்த, இழுபடும் ஃப்ளீஸ். உடம்போடு வளையும், கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் இதைப்போல் சுகம் கிடையாது. மூன்றாவது தின்சுலேட். சாதாரண பாலியெஸ்டரைவிட மிக மெல்லிய இழைகளால் ஆனது. ஒரே கனத்தில் அதிகக் காற்றைப் பிடித்து வைக்கும், நனைந்தாலும் இழை தண்ணீர் குடிக்காது. சூட்டுக்குள் தண்ணீர் புகுந்த நாளில் உயிர் காப்பது இந்தக் குணம்தான். 100, 200, 400 என்பது ஒரு சதுர மீட்டர் பஞ்சின் எடை. ஆனால் ஒரு கம்பெனி நெஞ்சில் மட்டும் 200 வைத்துக் கையில் 100 வைக்கும், இன்னொன்று உடம்பு முழுக்க ஒரே கனம் வைக்கும். எண்ணை மட்டும் வைத்து இரண்டு கம்பெனியை ஒப்பிட முடியாது.

சரி, 400 ஏன் வேண்டாம்? ஒவ்வொரு கிராம் பஞ்சும் காற்றைப் பிடித்து வைக்கிறது. அந்தக் காற்று உங்களை மேலே இழுக்கிறது. அதை அடக்க இடுப்பில் ஈயம் கூட்ட வேண்டும். மெல்லிய ஃப்ளீஸிலிருந்து 400க்குப் போனபோது எனக்கு 4 கிலோ கூடியது. பாண்டிச்சேரியில் 3 மில்லிமீட்டர் வெட்சூட்டும் நாலைந்து கிலோ ஈயமுமாகப் பறவை மாதிரி இருந்தவருக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்கும். எடைகூட இரண்டாம் பட்சம். மேலே வரும்போது அந்தக் காற்று எல்லாம் விரியும். தடித்த பஞ்சுக்குள்ளிருந்து அது காற்றை வெளியே விடும் டம்ப் வால்வுக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். ட்ரைசூட்டில் பத்து டைவ்கூட ஆகாதவர், 6 மீட்டரில் நிற்க முடியாமல் காலில் காற்று ஏறித் தலைகீழாகப் பறப்பது இப்படித்தான் நடக்கிறது. 200 கிராமில் முதல் இருபது டைவைப் போடுங்கள். அதற்கப்புறமும் குளிர்ந்தால் 400 பற்றி யோசிக்கலாம்.

எடை சோதனையைப் புது உடையோடு மறுபடி செய்ய வேண்டும்: சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மட்டும் மிச்சம் இருக்கும்போது, சூட்டில் பிழியாத அளவுக்குக் காற்றோடு, 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று. இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஸ்டோனி கோவ் நன்னீர், ஸ்காபா கடல். ஆளும் கியரும் சேர்த்து 100 கிலோ என்றால் கடலில் இரண்டரை கிலோ ஈயம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எல்லோரும் தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்து அண்டர்சூட் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் டைவின் கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். நவம்பரில் ஸ்டோனி கோவில் தண்ணீர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே நீங்கள் சுற்றி நீந்திக்கொண்டே இருப்பீர்கள், 35 நிமிடத்தில் வெளியே வந்து கேன்டீனில் டீ குடிப்பீர்கள். பேஸ் லேயரும் 200 கிராமும் போதும். ஸ்காபாவில் கதை வேறு. 1919 ஜூன் 21 அன்று அட்மிரல் லூட்விக் ஃபான் ராய்ட்டர் உத்தரவில் ஜெர்மானியர்கள் தங்கள் கப்பற்படையையே அங்கே மூழ்கடித்தார்கள். 74 கப்பல்களில் 52 அடிக்குப் போயின. பெரும்பாலானவற்றைப் பிறகு பழைய இரும்புக்காகத் தூக்கிவிட்டார்கள். மிஞ்சியதில் கூனிக், மார்க்கிராஃப் போன்ற பெரிய போர்க்கப்பல்களும் நான்கு இலகு க்ரூசர்களும் 25 முதல் 45 மீட்டரில் கிடக்கின்றன. ஏப்ரலில் தண்ணீர் 7 டிகிரி அளவில் இருக்கும். அடியில் 25 நிமிடம் கப்பலைப் பார்க்கும் பரபரப்பில் குளிர் தெரியாது. அப்புறம் 6 மீட்டரில் ஒரு மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கையைக் காலை அசைக்காமல், டிகம்ப்ரஷன் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேறக் காத்திருப்பது) முடியும்வரை தொங்க வேண்டும். உடம்பு வேலை செய்யாததால் சூடு உற்பத்தி குறைவு. மேலே போய்விடவும் முடியாது. அதே நாளில் இரண்டாவது டைவும் உண்டு. உடுத்த வேண்டியது அந்தத் தொங்கலுக்காக. அங்கேதான் வெஸ்ட்டும் சேர்த்து மூன்று அடுக்கும் போடச் சொல்கிறேன்.

இது சௌகரியப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் டைவிங் சோதனைப் பிரிவு 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. டைவர்களை 36 டிகிரி, 27 டிகிரி என்று இரண்டு வெப்பநிலைத் தண்ணீரில் வைத்து, அடியில் இருக்கும்போதும் மேலே ஏறும்போதும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அடியில் சூடாக இருந்து ஏறும்போது குளிர்ந்தவர்களுக்கு டிகம்ப்ரஷன் நோய் ஆபத்து கூடியது. அடியில் குளிராகவும் ஏறும்போது சூடாகவும் இருந்தவர்களுக்கு வெகுவாகக் குறைந்தது. சூடான உடம்பு நைட்ரஜனை அதிகம் வாங்கிக்கொள்ளும், பிறகு குளிர்ந்து ரத்தக் குழாய்கள் சுருங்கினால் வெளியேற்ற வழி குறையும் என்று காரணம் சொல்கிறார்கள். இதற்காக அடியில் வேண்டுமென்றே நடுங்க வேண்டாம். ஆனால் பேட்டரியில் சூடாகும் வெஸ்ட் வாங்கும் எண்ணம் வந்தால் இதை நினைவில் வையுங்கள். இறங்கும்போதே முழு வேகத்தில் போட்டுவிட்டு, பேட்டரி தீர்ந்து ஸ்டாப்பில் குளிர்வதுதான் இருப்பதிலேயே மோசமான வரிசை. அது வேலை செய்யாவிட்டாலும் டைவை முடித்து ஏறும் அளவுக்கு மற்ற உடைகள் இருக்க வேண்டும்.

ஆர்கான் பற்றி. காகிதத்தில் அது அழகாக இருக்கும்: காற்றைவிட வெப்பத்தைக் கடத்துவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் சூட்டுக்குள் ஏற்கனவே இருக்கும் காற்றைப் பலமுறை நிரப்பி வெளியேற்றினால்தான் ஆர்கான் மிஞ்சும். அதை யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. டைவர்களை வைத்துச் செய்த சோதனைகளில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் வரவில்லை. தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர், அதில் மூச்சு இழுக்கும் வாய்ப்பே இல்லாதபடி அமைப்பு என்று இவ்வளவு சிக்கல் உங்கள் நிலையில் தேவையே இல்லை. தப்பித்தவறி ஆர்கானை மூச்சாக இழுத்தால் மயங்கிச் சாவுதான். ஹீலியம் கலந்த வாயுவை மட்டும் சூட்டுக்குள் விடக் கூடாது; ஹீலியம் காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும். நீங்கள் சாதாரணக் காற்றில் டைவ் பண்ணுகிறவர், அந்தக் கவலை இல்லை.

போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொடுங்கள். பிறகு குந்தி உட்காருங்கள். அக்குளிலோ தொடைக்கு நடுவிலோ இழுத்துப் பிடித்தால் அளவு சரியில்லை. ட்ரைசூட்டையும் கொண்டுபோய் மேலே போட்டுப் பாருங்கள். சூட் இறுக்கமாக இருந்தால் எவ்வளவு நல்ல பஞ்சும் கரையிலேயே பிழிந்துவிடும். கையில் கட்டைவிரல் மாட்டும் வளையம் இருப்பது நல்லது, கை நுழைக்கும்போது துணி முழங்கைக்கு ஏறாது. ஆனால் சீல் போட்டபின் துணி அதற்கு அடியில் சிக்கவில்லை என்று விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். என் ஒரு டம்ளர் கதை ஞாபகம் இருக்கட்டும். மேல், கீழ் என்று இரண்டு துண்டாக இருக்கும் அண்டர்சூட் வாங்கினால் கீழ்த்துண்டு நெஞ்சுவரை ஏறும் வார் வைத்ததாக இருக்கட்டும். இல்லையென்றால் குனியும்போது இடுப்பில் திறந்துகொள்ளும்.

குளிர்ந்த நீரில் ரத்தம் நடு உடம்புக்கு வந்து சேர்வதால் சிறுநீர் சீக்கிரம் வரும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், நீர் வற்றிய உடம்போடு டிகம்ப்ரஷன் டைவ் ஆபத்து. பெரியவர்களுக்கான டயப்பர் போடுவதில் இங்கே யாருக்கும் வெட்கம் கிடையாது.

துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். இழைமேல் மெழுகு மாதிரிப் படிந்து, ஈரம் கடத்தும் குணத்தைக் கெடுத்துவிடும். சுருட்டி டிக்கியில் போட்டு வைத்தாலும் பஞ்சு படிந்துபோகும், தொங்கவிடுங்கள்.

கையும் காலும் குளிர்ந்தால் முதலில் தடித்த கிளவுஸ் தேட வேண்டாம். நடு உடம்பு குளிர்ந்தால் மூளை முதலில் வெட்டுவது கைகால் ரத்தத்தைத்தான். வெஸ்ட் போட்ட நாளில் என் விரல்கள் அதே பழைய கிளவுஸில் பத்து நிமிடம் கூடுதலாகத் தாங்கியிருக்கின்றன. தலைக்கு 7 மில்லிமீட்டர் ஹூட், அதில் பேரம் இல்லை.

அம்மாவின் சாக்ஸுக்கு வருவோம். உண்மையான கம்பளி என்றால் கடையில் விற்பதைவிட நல்லது. அக்ரிலிக் நூல் என்றாலும் பரவாயில்லை, ஒரு மெல்லிய பாலியெஸ்டர் சாக்ஸை அடியில் போட்டு அதன்மேல் போடுங்கள். ஒரே நிபந்தனை, ட்ரைசூட்டின் பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கி விரிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ரத்த ஓட்டம் நின்று, வெறும் காலைவிட மோசமாகக் குளிரும். அப்போது சாக்ஸை மாற்றாமல், பூட்ஸை ஒரு அளவு பெரிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ட்ரைசூட் பழுது பார்க்கும் இடங்களில் அதைச் செய்து தருவார்கள்.